கல்லின் மேல் கடைசி மூச்சு

சாட்சிக் கூண்டில் சிற்சபேசன் ஏறிவிட்டார் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? பத்தொன்பது வருஷமாக அவர் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். "மனுஷன் பொய் சொல்வான் யுவர் ஆனர். கல் சொல்லாது." நீதிபதி தலையாட்டுவார். பெண்டாட்டியைக் கொன்றதாகக் கீழே நிற்கிற புருஷன்காரன் கம்பியைப் பிடித்துக்கொள்வான். ஆயிற்று, ஆயுள் தண்டனை. அவனுக்குக் கெட்ட நேரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் தூக்கு.

திருச்சியில் விமான நிலையத்தைத் தாண்டி இருந்தது அவருடைய ஆய்வகம். படலத் தடயவியல் கூடம் என்று பெயர். ஆலையில் விளைகிற வைரம் கடலைமிட்டாய் விலைக்கு வந்துவிட்ட காலம் அது. கீரை விற்கிறவள் மூக்கிலும் வைரம்தான். ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாகச் செத்தால் போலீஸ்காரர்கள் முதலில் அவள் மூக்குத்தியைக் கழற்றி, காற்றுப் புகாத உறையில் அடைத்து, இங்கே அனுப்புவார்கள். வந்த கல் ஒன்றுகூடக் குற்றவாளியைக் காட்டாமல் திரும்பியதில்லை. தொண்ணூற்று மூன்று வழக்கு, தொண்ணூற்று மூன்றிலும் ஆண். மாமியார் மேல் சந்தேகப்பட்டு அனுப்பிய வழக்குகளில்கூட மாமியாரை விட்டுவிட்டு மகனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். இந்த ஊர் மாமியார்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை ஒருவரும் செய்ததில்லை.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஊரெங்கும் அசல் வைரம் மலிந்திருந்தாலும் கண்ணாடிக் கல்லை விற்று ஏமாற்றுகிறவன் ஒழியவில்லை. கண்ணாடியைத் தெரியாமல் சோதனை யந்திரத்துக்குள் போட்டால் ஒன்றரை நாள் பாழ். ஆனால் இந்தக் கூடத்தில் ஒரு கண்ணாடிக் கல்கூட யந்திரத்துக்குள் போனதில்லை. உறையைப் பிரித்ததும் கல் முதலில் சிற்சபேசன் மேஜைக்குத்தான் போகும். இரண்டே நிமிஷம். பதிவேட்டில் "அசல்" என்றோ "போலி" என்றோ எழுதிக் கொடுத்துவிடுவார். ஆசாரி வீட்டுப் பிள்ளை, கல் பார்க்கத் தெரியாதா என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். எப்படிப் பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு தமயந்தி என்ற பெண் நீதிமன்ற உத்தரவோடு வந்தாள். இருபது வயது, நர்ஸிங் படிக்கிறாள். ஒல்லியான முகம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மணப்பாறையில் செத்துப்போன கோசலையின் மகள். அம்மாவின் மூக்குத்தியைப் புது யந்திரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லி மனுப் போட்டு உத்தரவு வாங்கியிருந்தாள்.

சிற்சபேசன் அவளை உட்காரவைத்து, வழக்கம்போல விளக்க ஆரம்பித்தார். அதில் அவருக்கு ஒரு சுகம்.

"பந்தியில இலை போட்டு வச்சிருப்பாங்க, பாத்திருப்பியே. வர்றவன் இலைக்கு நேராத்தான் உக்காருவான், இஷ்டத்துக்கு உக்கார மாட்டான். வைரத்தோட மேல்பக்கம் அணுவெல்லாம் அப்படித்தான், வரிசையா இலை போட்ட மாதிரி. மூச்சுல இருக்கறது அதும்மேல வந்து வரிசைப்படி உக்காரும். அடுத்த மூச்சு அதுக்கு மேல. அடுக்கு அடுக்கா ஒரு படலம். தலைமுடி கனத்துல லட்சத்துல ஒரு பங்குகூட வராது. காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு, எலெக்ட்ரானை மெதுவா அதும்மேல விட்டா, பட்டுத் திரும்பித் திரையில புள்ளி வைக்கும். கோலப்புள்ளி மாதிரியே. ஆம்பளை மூச்சுக்கு ஒரு கோலம், பொம்பளை மூச்சுக்கு ஒரு கோலம்."

"தெரியும் சார்."

"செத்தவங்களுக்கு மூச்சு கிடையாது. அப்ப ஆக மேல இருக்கறது அவங்க சொந்த மூச்சாத்தான் இருக்கணும். அதுக்கும் மேல ஒரு ஆம்பளை மூச்சு படிஞ்சிருந்தா..."

"அவன் அவங்க முகத்துக்கு ஒரு விரக்கடை தூரத்துல இருந்திருக்கான்னு அர்த்தம்" என்று அவள் முடித்தாள். "நீங்க ஏற்கெனவே சொல்லியிருக்கீங்க சார். கோர்ட்டு வராந்தாவுல. ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தீங்க."

அவருக்கு ஞாபகம் இல்லை. எத்தனை பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பார்!

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. அம்மாவுக்கு இளைப்பு வந்தது, அப்பா மருந்து வாங்க ஓடினார், வருவதற்குள் அம்மா போய்விட்டாள், அக்கம்பக்கத்தார் கூப்பிட்டு வந்திருந்த போலீஸ்காரர் அப்பாவைக் கிட்டேயே விடவில்லை. இதைத்தான் முதல் நாள் கூண்டில் சொன்னாள். பரஞ்சோதி, அதாவது அவளுடைய அப்பா, லேத்துப் பட்டறைக்காரர், அவரும் அதையேதான் சொன்னார். சாயங்காலம் இந்த மாமா வராந்தாவில் குனிந்து, கல் பொய் சொல்லாது கண்ணு, ஆளுங்கதான் சொல்வாங்க, உங்க அப்பா உங்கிட்டயும் பொய் சொல்லியிருக்காரு என்றார். மறுநாள் அவள் கூண்டில் ஏறி, அப்பா வெளியே போனதை நான் பார்க்கவில்லை என்று மாற்றிச் சொன்னாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ஒரு வார்த்தை திட்டவில்லையாம்.

"இப்ப எதுக்கும்மா மறுபடி பாக்கணும்? வெளிய கொண்டுவரணுமா?"

"இல்ல சார். அவருக்கு நுரையீரல் போயிருச்சு. சென்ட்ரல் ஜெயில் ஆஸ்பத்திரியில கிடக்காரு. இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டாங்க. ஒரு தடவை வந்து பாருன்னு பன்னெண்டு வருஷமா லெட்டர் போட்டாரு. நான் ஒண்ணைக்கூடப் பிரிக்கல." அவள் கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "அவருதான்னு இன்னொரு தடவை உறுதியாத் தெரிஞ்சா நான் போக வேண்டாம் பாருங்க. எனக்கு நிம்மதியா இருக்கும்."

பெத்த அப்பன் சாகக் கிடக்கிறபோது போகாமல் இருப்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும் அவளுக்கு. சிற்சபேசனுக்கு அவள் மேல் பரிதாபம்தான் வந்தது. மத்தியானத்துக்குள் சொல்லிவிடுகிறேன், வரவேற்பறையில் இரு என்று அனுப்பினார்.

புது யந்திரம் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பழையது ஒன்றரை நாள் ஓடி, ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லும். இது முக்கால் மணி நேரத்தில் எந்த ஆண், எந்தப் பெண் என்றே சொல்லிவிடும். அதை ஓட்டுகிறவள் ரூபாவதி. முப்பத்துநாலு வயது, ஒன்பது வருஷமாக அவருக்குக் கீழே வேலை, அறிக்கைகளில் இரண்டாவது கையெழுத்து அவளுடையது. பெட்டகத்தில் இருந்த பழைய கற்களை ஒவ்வொன்றாக எடுத்து யந்திரத்துக்கு அறிமுகம் செய்துவைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது முடிந்திருந்தது. சிறையிலிருந்து பரஞ்சோதியின் மூச்சை ஒரு வைரத் துண்டில் பிடித்து முந்தின நாளே அனுப்பியிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு அவள் எட்டிப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் வர்றீங்களா."

திரையில் இரண்டு கோலம். ஒன்று சிறையிலிருந்து வந்தது. மற்றது கோசலை மூக்குத்தியின் மேலடுக்கு. குழந்தைகூடச் சொல்லிவிடும், இரண்டும் வேறு என்று.

"இது அவரு இல்ல சார்."

சிற்சபேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஆம்பளை மூச்சுதானே?"

"ஆம்பளைதான். ஆனா பரஞ்சோதி இல்ல. அதோட விடல சார். ஏற்கெனவே பாத்த நாப்பதோட தானா ஒப்பிட்டுப் பாத்திருக்கு." அவள் குரல் இறங்கியது. "நாப்பதுலயும் இதே ஆளு."

"என்ன உளர்றே?"

"கரூர், ஓசூர், ராமநாதபுரம்... எல்லாத்துலயும் ஒரே மூச்சு. பத்தொம்பது வருஷமா ஒருத்தன் ஊர் ஊராப் போயிருக்கான் சார். நாம புருஷனுங்களைப் புடிச்சு உள்ள போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்." சொல்லும்போதே அவள் விரல் தன்னுடைய மூக்குத்தியைத் தொட்டது.

சிற்சபேசனுக்கு உடம்பு புல்லரித்தது. பயம் என்று நினைக்காதீர்கள். சந்தோஷம். ஓய்வு பெற நாலு மாதம் இருக்கையில் இந்தியாவே பார்க்காத ஒரு கொலைகாரனைக் கல்லைக் கொண்டே கண்டுபிடித்த பெருமை! நாற்பது வீடு நாசமானது அப்புறம்தான் அவர் மனசுக்கு எட்டியது, அதுவும் அரைகுறையாக. இயக்குநரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் கோத்துக்கொண்டே தன் மேஜைக்குப் போனார்.

மேஜை மேல் பெரம்பலூரிலிருந்து வந்த புது உறை இருந்தது. கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. உறையைப் பிரித்தது, இடுக்கியால் மூக்குத்தியை எடுத்தது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தது. உதடு குவிந்தது. ஊதினால் கல் மேல் ஆவி படியும். கண்ணாடி என்றால் அந்த ஆவி நின்று நிதானமாகக் கலையும், அசல் வைரம் என்றால் கண்ணிமைக்கிற நேரத்தில் தெளிந்துவிடும். ஆசாரி வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும் இது.

குவிந்த உதடு குவிந்தபடியே நின்றது.

 கல்லை அவசரமாக உறைக்குள் போட்டு, உறையை மூடி, கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.  ஒவ்வொரு கல்லாக நினைவுக்கு வந்தது. ஒன்றையாவது ஊதாமல் விட்டிருக்கிறோமா என்று தேடினார். அவர் ஒழுங்கான மனுஷர், ஒன்றைக்கூட விட்டதில்லை.

ரூபாவதியிடம் சுத்தமான வைரத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அவள் எதிரிலேயே ஊதிக் கொடுத்தார். "இதைப் போட்டுப் பாரு."

அவள் அவரையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். யந்திரத்துக்குள் வைத்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரையில் கோலம் விழுந்தது. நாற்பத்தொரு கல்லின் மேலும் இருந்த அதே கோலம்.

"எப்பயிருந்து சார் ஊதறீங்க?"

"மொத நாள்லேருந்து."

"வெளி மூச்சு படக்கூடாது, நைட்ரஜன் பெட்டிக்குள்ளதான் பிரிக்கணும்னு விதி எழுதினதே நீங்கதானே சார்."

"கண்ணாடியான்னு பாக்கறதுக்குத்தான்... ரெண்டு நிமிஷம்தானேன்னு..." அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. "அந்தம்மா கல்லுல என் அடுக்கைக் கழிச்சுட்டு கீழ என்ன இருக்குன்னு பாரு."

கீழே கோசலை மட்டும்தான் இருந்தாள். அவளுடைய மூச்சு முதலில் சீராக, அப்புறம் தேய்ந்து, அப்புறம் விட்டு விட்டு. இளைப்புக்காரியின் மூச்சு. வேறு ஒரு ஆளின் வாடைகூட இல்லை.

"மருந்து வர்றதுக்குள்ள நின்னுபோச்சு" என்றாள் ரூபாவதி. "அவரு சொன்னது அப்படியே இருக்கு."

சிற்சபேசனைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நேரே எழுந்து இயக்குநர் அறைக்குத்தான் போனார். உள்ளதை உள்ளபடி சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. இயக்குநர் திருஞானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கிற வரை தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு டப்பாவை மூடினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ரூபாவதிக்கு."

"அவ கையெழுத்தும் அறிக்கையில இருக்குல்ல. அப்ப அவ பேச மாட்டா." கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "தொண்ணூத்து மூணு பேருய்யா. நாலு பேரைத் தூக்குல போட்டாச்சு. பதினோரு பேரு உள்ளயே செத்துட்டான். இப்பப் போயி, அது எங்க ஆளு ஊதின காத்துங்கன்னு சொல்லுவியா? அவங்களுக்கு மூச்சைத் திருப்பிக் குடுக்க முடியுமா உன்னால?"

"மிச்சம் இருக்கறவனையாவது விடலாமே சார். இந்தப் பொண்ணோட அப்பா இன்னும் உயிரோட இருக்காரு. இங்கேருந்து இருபது நிமிஷம்."

"தொண்ணூத்து மூணுல நெஜமாவே கொன்னவனும் இருப்பான்ல? எவன் கொன்னான், எவன் கொல்லலன்னு உனக்குத் தெரியுமா?"

"எல்லாக் கல்லையும் மறுபடி பாத்து, என் அடுக்கைக் கழிச்சா தெரியும்."

"பாத்துச் சொல்றதுக்கு இந்தக் கூடம் இருக்காது. மொத கல்லுலயே இழுத்து மூடிருவாங்க. உன்னையும் என்னையும் அந்த நாலு பேரு வீட்டுக்காரங்க ரோட்டுல வச்சுக் கொளுத்துவாங்க." அவர் சத்தம் போடவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி பொறுமையாகச் சொன்னார். "புது யந்திரத்துல கோளாறுன்னு இன்னிக்கே எழுதித் திருப்பி அனுப்பிருவோம். பழசே போதும். இன்னொண்ணு, பெரம்பலூர் கல்லு வந்திருக்கே, ஊதிட்டியா?"

"இல்ல சார். இனிமே ஊத மாட்டேன்."

"ஊதணும்யா" என்றார் இயக்குநர். "பத்தொம்பது வருஷம் எல்லாக் கல்லுலயும் ஆம்பளை. நாளையிலேருந்து திடீர்னு ஒண்ணுலயும் இல்லேன்னா, ஏன்னு ஒருத்தன் கேப்பானா மாட்டானா? நீ ஓய்வு பெற்ற அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சுக்குவோம். அதுவரைக்கும் உன் வழக்கத்தை மாத்தாதே. போ, அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு."

வரவேற்பறைக்குப் போகிற நடை நாற்பது அடி இருக்கும். அதற்குள் சொல்லிவிடுவது என்று இரண்டு தடவை முடிவு செய்தார். இரண்டு தடவையும் கால் நின்றது. அவள் எழுந்து நின்றாள். மத்தியானம் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள் போல, உதடு காய்ந்திருந்தது.

"நல்லாப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேம்மா."

"எட்டு வயசுல நான் மாத்திச் சொன்னேனே. அது சரிதானே சார்?"

அங்கேதான் அவருக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. உண்மையைச் சொன்னால் இவள் தாங்குவாளா? அப்பாவை உள்ளே தள்ளியது தன் வாய்தான் என்று தெரிந்தால் இந்தப் பெண் என்ன ஆவாள்? இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். தூ, பயம்! தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிறவனுக்கு இரக்கம் என்ற சொல் எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது, பாருங்கள். வெளியே ஆட்டோ நின்றிருந்தது. ஏறினால் இருபது நிமிஷத்தில் அப்பாவின் கட்டிலருகே நின்றிருப்பாள்.

"சரிதாம்மா" என்றார். "அவருதான்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பெரிய சுமையை இறக்கியவள்போல மூச்சு விட்டாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இறந்தால் உடலை வாங்கிக்கொள்ள விருப்பமில்லை என்று சிறைக்கு எழுதிக் கொடுக்கிற படிவம். காலையிலேயே பூர்த்தி செய்து, கையெழுத்தை மட்டும் விட்டுவைத்திருந்தாள். அவருடைய பேனாவைக் கேட்டாள். அவர் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தாள்.

"நீங்க இல்லேன்னா நான் காலத்துக்கும் குழம்பிக்கிட்டே இருந்திருப்பேன் சார்" என்று சொல்லி, அவர் தடுப்பதற்குள் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சிறையிலிருந்து தகவல் வந்தது. கைதி பரஞ்சோதி விடியற்காலை இறந்துவிட்டார். உரிமை கோருபவர் இல்லாததால் உடல் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. வழக்குக் கோப்பை முடித்துவைக்கவும். கூடவே ஒரு சின்ன மூட்டை. மகள் வாங்க மறுத்ததால், கோப்போடு சேர்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கே திருப்பிவிட்டிருந்தார்கள். அதில் ஒரு சட்டை, ஒரு சீப்பு, துணியில் சுற்றிய ஒரு மருந்துக் குழாய். இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்து. மணப்பாறைக் கடையின் சீட்டு அதன் மேல் மங்கிப்போய் ஒட்டியிருந்தது. மூடியின் முத்திரை உடையவில்லை.

சிற்சபேசன் அதைத் துணியோடு சேர்த்து மூட்டைக்குள்ளேயே வைத்துக் கட்டினார்.

புது யந்திரத்தை நாலு பேர் பெட்டியில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய யந்திரத்தின் பக்கத்தில் ரூபாவதி நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவள் மூக்கில் மூக்குத்தி இல்லை. துவாரம் தூர்ந்துவிடாமல் ஒரு ஈர்க்குச்சியை உடைத்துச் செருகியிருந்தாள். அவர் அதைக் கவனித்ததை அவளும் கவனித்தாள். இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மேஜை மேல் பெரம்பலூர் உறை அப்படியே இருந்தது. உள்ளே போலீஸ் குறிப்பு. இறந்தவர் வயது இருபத்தாறு. கணவர் கைது செய்யப்பட்டுள்ளார். சம்பவத்தின்போது பருத்திக்காட்டில் இருந்ததாகக் கூறுகிறார். இரண்டு குழந்தைகள்.

பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கூடத்துக்குள் வந்து இன்னும் கறைபடாமல் இருக்கிற கல் அது ஒன்றுதான். சிற்சபேசன் இடுக்கியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இயக்குநர் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார்.

கல்லை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஊதினார்.

ஆவி படிந்தது, உடனே தெளிந்தது. பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, "அசல்" என்று எழுதினார். ரூபாவதி கல்லை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.